தாம்பரத்தில் ஏறினால் உலகம்! சர்வதேச உறவுகளும், கூடவே ஒரு மொழியும்

காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மேற்கே இறங்கும் கூட்டம் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கும் பேருந்து நிலையத்துக்கும் ஓடும். கிழக்கே இறங்கும் கூட்டத்தில் பாதிப் பேர் முதுகில் பை மாட்டிய கல்லூரிப் பிள்ளைகள். தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி எல்லாம் காதில் விழும். நடுவே எந்த மொழி என்றே பிடிபடாத பேச்சும் கேட்கும். நாகாலாந்திலிருந்தும் மிசோரத்திலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்து கிழக்குத் தாம்பரத்தில் அறை எடுத்துத் தங்கிப் படிப்பவர்கள் அவர்கள்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில் இந்தப் பக்கம் வந்தால் இன்னொரு பேச்சும் கேட்கும். "பொலிட்டிக்கல் சயின்ஸ் எடுத்துட்டு கூட ஃபிரெஞ்ச் படிக்கிறேன்னு சொல்றா. இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" அப்ளிகேஷன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாக்களும் அம்மாக்களும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். இதற்கான பதிலை டெல்லியிலும் லண்டனிலும் தேடுவதற்கு முன்னால், தாம்பரத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம்.

1938: உலகம் தாம்பரத்துக்கு வந்த டிசம்பர்

கிழக்குத் தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்கு எட்டிய தூரத்தில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி. 1837-ல் பள்ளியாகத் தொடங்கி, ஜார்ஜ் டவுன் நெரிசலில் வளர்ந்து, சரியாக நூறு வருடம் கழித்து 1937-ல் இங்கே இடம் மாறியது. சுமார் 365 ஏக்கர் புதர்க்காடு. இப்போதும் உள்ளே மான் ஓடுகிறது. பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டதால், அவ்வளவு தூரம் யார் போவார்கள் என்ற கேள்விக்கும் ஓரளவு விடை இருந்தது.

கல்லூரி இடம் மாறிய மறு வருடமே ஒரு பெரிய விஷயம் நடந்தது. 1938 டிசம்பரில் சர்வதேச மிஷனரி கவுன்சிலின் உலக மாநாடு இந்த வளாகத்தில் கூடியது. அதை முதலில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடத்தத்தான் திட்டம். 1937-ல் ஜப்பான் சீனாவின் மீது படையெடுத்ததால் மாநாடு இடம் மாறி தாம்பரத்துக்கு வந்தது. கிட்டத்தட்ட எழுபது நாடுகள், பிரதேசங்களிலிருந்து 470 பேருக்கு மேல் வந்தார்கள்.

மதத்தைத் தள்ளிவைத்துவிட்டு வெறும் சர்வதேச உறவாக மட்டும் இதைப் பாருங்கள். ஊரில் போர் நடந்துகொண்டிருக்கும்போது சீனர்களும் ஜப்பானியர்களும் ஒரே வளாகத்தில் இருந்தார்கள். சீனக் குழுவில் வந்த வூ யி-ஃபாங் என்ற பெண் கல்வியாளர், ஏழு வருடம் கழித்து 1945-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்திட்ட நான்கு பெண்களில் ஒருவர். ஜப்பானிலிருந்து வந்த டொயோஹிகோ ககாவா, மாநாடு முடிந்த கையோடு 1939 ஜனவரியில் காந்தியைச் சந்தித்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களில் ஒருவர் ஆல்பர்ட் லுத்துலி. பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவரானார். 1960-ம் ஆண்டுக்கான அமைதி நோபலைப் பெற்றார். ஆப்பிரிக்காவிலிருந்து அந்தப் பரிசை வாங்கிய முதல் ஆள் அவர்தான். மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஜான் மோட்டுக்கும் 1946-ல் அதே பரிசு கிடைத்தது.

இன்றைக்கும் வெளிநாட்டு நூலகங்களில் 'தாம்பரம்' என்று தேடினால் முதலில் வருவது ரயில் நிலையம் இல்லை, இந்த மாநாடுதான். நம்மூர்க்காரர்கள் பலருக்கு இது தெரியாது.

பார்ட்-1 என்ற சின்னக் கதவு

இந்தக் கல்லூரி தாம்பரத்துக்கு வருவதற்கு முன்பே இங்கே படித்தவர் கே.பி.எஸ். மேனன். சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலர். பிறகு ஒன்பது வருடம் மாஸ்கோவில் தூதர். 1953 பிப்ரவரியில், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, ஸ்டாலின் நேரில் பார்த்துப் பேசிய வெளிநாட்டுத் தூதர் இவர்.

வெளியுறவும் மொழியும் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1709-ல் சென்னையில் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை, புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவிடம் துபாஷியாக இருந்தார். துபாஷி என்றால் இரண்டு மொழிக்காரர். ஆனால் அவர் செய்தது மொழிபெயர்ப்பு மட்டுமல்ல. வியாபாரம், தூது, ஆலோசனை, உளவு, சமாதானம் எல்லாம் அதற்குள் அடக்கம். 1736 முதல் அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு இல்லாமல் அன்றைய தென்னிந்திய அரசியலை யாரும் எழுத முடியாது. இன்றைய பாஷையில் சொன்னால், சர்வதேச உறவுகளும் ஒரு நவீன மொழியும் சேர்ந்த படிப்பைப் பட்டம் இல்லாமலே முடித்தவர்.

இப்போது பட்டத்துக்கு வருவோம். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்களில் 'சர்வதேச உறவுகளும் ஒரு நவீன மொழியும்' என்று ஒரே பட்டமாகவே தருகிறார்கள். பெரும்பாலும் நான்கு வருடம். அதில் ஒரு வருடம் அந்த மொழி பேசும் நாட்டில் போய் இருக்க வேண்டும். டெல்லியில் 1955-ல் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கி, அது 1970-ல் ஜே.என்.யு.வோடு இணைந்தது. அங்கே சர்வதேச ஆய்வுத் துறையும் மொழிகளுக்கான துறையும் ஒரே வளாகத்தில். அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஜி. பார்த்தசாரதி, சீனாவிலும் பாகிஸ்தானிலும் தூதராக இருந்த தமிழர். இன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் சர்வதேச உறவுகளில் டாக்டர் பட்டம் வாங்கியது அங்கேதான். பணியில் சேர்ந்த பிறகு ரஷ்ய மொழி படித்தது மாஸ்கோவில்.

நம்மூர்க் கலைக் கல்லூரிகளில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கதவு இருக்கிறது. பெயர் பார்ட்-1. பி.ஏ. சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் ஒரு மொழி, கூடவே ஆங்கிலம், மூன்றாவதாக முக்கியப் பாடம். அந்த மொழி தமிழாக இருக்கலாம். கல்லூரியைப் பொறுத்து இந்தியாகவோ, சமஸ்கிருதமாகவோ, பிரெஞ்சாகவோ இருக்கலாம். அரசியல் அறிவியல் மாணவி ஒருவர் பார்ட்-1-ல் பிரெஞ்சு எடுத்தால், காகிதத்தில் அது சர்வதேச உறவும் மொழியும்தான்.

நடைமுறை வேறு. பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும் என்ற நம்பிக்கை பள்ளியிலிருந்தே கூட வருகிறது. வினைச்சொல் அட்டவணையை மனப்பாடம் செய்து, பழைய கேள்வித்தாளைப் புரட்டி, தொண்ணூறு வாங்கிவிட்டு, மூன்றாம் வருடம் அந்தப் புத்தகத்தை ஜூனியரிடம் கொடுத்துவிடுவார்கள். நான்கு செமஸ்டர் முடிந்த பிறகும் ஒரு பிரெஞ்சு நாளிதழின் முதல் பத்தியை அகராதி இல்லாமல் படிக்க முடியாது. கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போகிறவர்கள்தான் குறைவு.

'செய்யலாம்' என்பதும் 'செய்ய வேண்டும்' என்பதும்

ஆங்கிலம் போதாதா, கூகுள் மொழிபெயர்க்காதா என்று கேட்கலாம். இரண்டு பழைய கதைகளைக் கேளுங்கள்.

1889-ல் இத்தாலியும் எத்தியோப்பியாவும் வுச்சாலே என்ற ஊரில் ஓர் ஒப்பந்தம் போட்டன. இத்தாலிய மொழியில் ஒரு பிரதி, எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியில் ஒரு பிரதி. அதன் 17-ம் பிரிவு அம்ஹாரிக்கில் சொன்னது: எத்தியோப்பிய மன்னர் மற்ற நாடுகளோடு பேச இத்தாலியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இத்தாலியப் பிரதி சொன்னது: இத்தாலி வழியாகத்தான் பேச வேண்டும். அதாவது எத்தியோப்பியா இத்தாலியின் பாதுகாப்பில் இருக்கும் நாடு. 'லாம்' என்பதற்கும் 'வேண்டும்' என்பதற்கும் நடுவே ஒரு தேசத்தின் சுதந்திரமே நின்றது. சண்டை முற்றி, 1896-ல் அட்வா போரில் எத்தியோப்பியா இத்தாலியைத் தோற்கடித்த பிறகுதான் விஷயம் முடிந்தது.

இரண்டாவது கதை 1967 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய 242-வது தீர்மானம். அந்த வருடப் போரில் பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்கிறது அது. ஆங்கிலத்தில் 'டெரிட்டரீஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் 'தி' இல்லை. அதனால் எல்லாப் பகுதிகளும் என்று பொருளில்லை, சில பகுதிகள் போதும் என்று ஒரு தரப்பு வாதாடியது. பிரெஞ்சுப் பிரதியில் 'தே தெரித்துவார்' என்று இருக்கிறது. அதைப் படித்தால் பிடித்த பகுதிகள் அனைத்தும் என்றே பொருள்படும் என்றது மறுதரப்பு. அரை நூற்றாண்டு தாண்டியும் வாதம் முடியவில்லை. தமிழில் 'தி' என்ற சொல்லே கிடையாது. இந்தத் தீர்மானத்தைத் தமிழில் மட்டும் படிக்கிற ஒருவருக்குச் சண்டை எதைப் பற்றி என்பதே புரியாது.

இதனால்தான் இந்திய வெளியுறவுப் பணியில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு வெளிநாட்டு மொழி கட்டாயம். அரபு, சீனம், ரஷ்யன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானியம் என்று ஒன்றை ஒதுக்குவார்கள். அந்த நாட்டுக்கே அனுப்பிப் படிக்கவைத்து, தேர்வு வைப்பார்கள்.

தெற்கே போகும் ரயில்

தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டியில் ஏறி ஜன்னல் ஓரம் உட்காருங்கள். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி தாண்டிப் பொத்தேரி. இங்குள்ள பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் பிள்ளைகள்கூட ஜெர்மன், ஜப்பானியம், கொரியன் என்று ஏதாவது ஒன்றைப் பாடத்திட்டத்தோடு படிக்கிறார்கள். ஏன் என்பதற்கு அடுத்தடுத்த ஸ்டேஷன்களே விடை.

மறைமலை நகரில் அமெரிக்க ஃபோர்டு கம்பெனி இருபது வருடத்துக்கும் மேல் கார் செய்தது. 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. டெட்ராய்ட் பக்கம் எடுத்த முடிவில் ஜி.எஸ்.டி. ரோட்டு டீக்கடைகளின் வியாபாரம் படுத்தது. சர்வதேச உறவு என்றால் என்ன என்று அந்த டீக்கடைக்காரருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. சிங்கப்பெருமாள் கோவில், பரனூர் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. அங்கே ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ 2007 முதல் கார் பூட்டுகிறது. ஜப்பானிய நிறுவனங்களும் உண்டு. உள்ளே தள்ளி ஒரகடத்தில் பிரான்ஸின் ரெனோவும் ஜப்பானின் நிசானும் சேர்ந்து 2010-ல் தொடங்கிய ஆலை. இன்னும் கொஞ்சம் போனால் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்யும் கொரியாவின் ஹூண்டாய்.

மொழி தெரிந்தவர்களுக்கு இந்த வழித்தடத்தில் வேலை இருக்கிறது. பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு இன்ஜினீயருக்கு மொழிபெயர்ப்பாளர், ஆவணங்களைத் தமிழாக்குபவர், தலைமை அலுவலகத்தோடு பேசுபவர் என்று பல பெயர்களில். ஆனால் 'கொஞ்சம் தெரியும்' என்பது இங்கே செல்லாது. பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் ஏ-1 முதல் சி-2 வரை ஆறு படிகள். ஜப்பானியத்துக்கு என்-5 முதல் என்-1 வரை ஐந்து. முதல் படியில் நின்றுவிட்டு வேலை கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நடுப்படியைத் தாண்டினால்தான் பேச்சே தொடங்கும்.

வடக்கே போகும் ரயில்

இனி பீச் போகும் வண்டி. அடுத்த ஸ்டேஷனான தாம்பரம் சானடோரியத்தில், ஏற்றுமதிக்கென்றே 1984-ல் தொடங்கிய மெப்ஸ் வளாகம். திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி. நட்பு நாடுகளிலிருந்து வரும் இளைஞர்களும் இளம்பெண்களும் இங்கே நம் பிள்ளைகளோடு சேர்ந்து அணிவகுக்கிறார்கள். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் விமானிகளுக்குப் பாடம் எடுக்கும் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளியிலும் வெளிநாட்டு அதிகாரிகள் படிக்கிறார்கள். இவர்கள் ஊர் திரும்பி உயர்பதவிக்கு வரும்போது, சென்னையின் புழுக்கமும் சாம்பார் வாசனையும் அவர்கள் நினைவில் இருக்கும். பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் மென்சக்தி.

வேளச்சேரியில் குருநானக் கல்லூரி. பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வுகள் என்று தனித்துறையே வைத்திருக்கும் கல்லூரி இது. முதுகலைக்குச் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதே துறையும் பிரெஞ்சுத் துறையும் இருக்கின்றன. கிண்டிக்குப் பக்கத்தில் ஐ.ஐ.டி. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் தொடங்கியது. ஆரம்ப வருட மாணவர்கள் இயற்பியலோடு ஜெர்மனும் படித்தார்கள். இன்றைக்கு அதே வளாகத்தில் சீன ஆய்வு மையம் இருக்கிறது. எந்த நாட்டு மொழி வகுப்புக்குக் கூட்டம் சேர்கிறது என்பதை வைத்தே உலகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிவிடலாம்.

பக்கத்து வீட்டு மொழி

பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், கொரியன். இந்தச் சுற்றில் ஒரு மொழி மட்டும் கண்ணிலேயே படவில்லை. சிங்களம்.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற தூரம்தான். நமக்கு மிக அருகில் பேசப்படும் வெளிநாட்டு மொழி அது. தமிழ்நாட்டின் வெளியுறவுப் பிரச்னைகளைப் பட்டியல் போடுங்கள்: ராமேஸ்வரம் மீனவர்கள், 1974, 1976 கச்சத்தீவு ஒப்பந்தங்கள், முகாம்களில் வாழும் ஈழத்தமிழர்கள். எல்லாமே அந்த முப்பது கிலோமீட்டருக்குள். அங்கே நடந்த சண்டையின் வேரிலும் மொழிதான் இருந்தது. 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்டார்கள். 1987-ல் 13-வது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. நடுவே நடந்ததையும் பின்னால் நடந்ததையும் நாம் அறிவோம்.

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் 2022 ஜூலை 9 மறக்க முடியாத நாள். கொழும்பில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். வீடியோக்கள் கொட்டின. ஒவ்வொன்றிலும் யாரோ மைக் பிடித்து ஏதோ சொல்கிறார்கள், கூட்டம் பதிலுக்குக் கத்துகிறது. எல்லாம் சிங்களம். 'அரகலய' என்ற ஒரு சொல் மட்டும் எங்கள் எல்லோருக்கும் தெரியும்: போராட்டம். மற்றதற்கெல்லாம் யாராவது ஆங்கிலத்திலோ தமிழிலோ போடும் வரை காத்திருந்தோம். பக்கத்து வீட்டில் நடந்ததை மூன்றாவது வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டோம். அந்த மாளிகைக்குள் சமையலறையில் நின்ற சாதாரண சிங்களப் பெண்ணுக்கு என்ன கோபம், நம்மைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பது எங்கள் செய்தியில் இல்லை.

எதிரியின் மொழியை எதற்குப் படிக்க வேண்டும் என்று சிலர் கோபப்படலாம். அந்தக் கோபத்துக்குப் பின்னால் வலி இருக்கிறது, அதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் எதிரே இருப்பவர் பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுப்பது புரிகிறவருக்குத்தான் பலம். நீதி கேட்பவருக்கும் அது உதவும், சமாதானம் பேசுபவருக்கும் உதவும். சீனா இதை எப்போதோ புரிந்துகொண்டது. சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963-லிருந்து ஒலிபரப்புகிறது. பெய்ஜிங்கில் உட்கார்ந்து, தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு, நம்மைவிடச் சுத்தமான தமிழில் சீனர்கள் பேசுவதைப் பலர் ரசித்திருப்போம். அவர்கள் நம்மோடு பேச நம் மொழியைப் படித்தார்கள். நாம் யாரோடு பேச எந்த மொழியைப் படிக்கிறோம்?

வீட்டில் பேசி முடிவெடுக்க

ப்ளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளுக்குச் சில விஷயங்கள்.

முதலில், மொழியை மார்க்குக்காக எடுக்கிறோமா, வாழ்க்கைக்காக எடுக்கிறோமா என்று வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். மார்க்குக்காக என்றாலும் தப்பில்லை. ஆனால் அதை நம்பி வெளியுறவுக் கனவு காணக் கூடாது.

இரண்டாவது, கல்லூரி பார்ட்-1 ஒரு தொடக்கம்தான். நுங்கம்பாக்கத்தில் பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மனுக்கு கோத்தே இன்ஸ்டிடியூட், ஆர்.ஏ. புரத்தில் கொரியனுக்கு இன்கோ சென்டர் இருக்கின்றன. தாம்பரத்திலிருந்து ரயிலில் கோடம்பாக்கமோ எழும்பூரோ போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். வார இறுதி வகுப்பு என்றாலும் வருடக்கணக்கில் விடாமல் போனால்தான் நடுப்படி வரும். கட்டணமும் உண்டு, விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

மூன்றாவது, மொழியையும் பாடத்தையும் தனித்தனி அறையில் பூட்டி வைக்காதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவைப் பற்றிக் கட்டுரை எழுதினால் அங்கிருந்து வரும் பிரெஞ்சு நாளிதழ் ஒன்றையாவது படித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். இரண்டும் கைகுலுக்கும் இடத்தில்தான் இந்தப் படிப்பின் மதிப்பு இருக்கிறது.

நான்காவது, குடிமைப் பணித் தேர்வு ஒன்றே வழி என்று நினைக்க வேண்டாம். 'அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும்' அதில் ஒரு விருப்பப்பாடம், தமிழிலும் எழுதலாம். ஆனால் லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் வெளியுறவுப் பணிக்குப் போகிறவர்கள் மிகச் சிலர். தூதரக அலுவலகங்கள், ஆய்வு மையங்கள், ஏற்றுமதி நிறுவனங்கள், செய்தி ஊடகம், மொழிபெயர்ப்பு என்று மற்ற கதவுகளையும் பார்த்து வையுங்கள்.

கடைசியாக, தமிழை விட்டுக்கொடுத்து எந்த மொழியும் வேண்டாம். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் தமிழ் ஆட்சிமொழி. சர்வதேச மேசைக்கு நாம் கொண்டுபோகும் முதல் சொத்து அதுதான். ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சுக்காரர்களோடு நாளெல்லாம் பழகினார். நாட்குறிப்பைத் தமிழில்தான் எழுதினார்.

மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் போகிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-ல் கப்பலும் தொடங்கியது. போகும் வழி திறந்துகொண்டே வருகிறது. போய் இறங்கி, தமிழ் பேசுபவரிடம் தமிழிலும், அதற்கு அடுத்த தெருவில் இருப்பவரிடம் அவர் மொழியிலும் பேசத் தெரிந்த நாலு பிள்ளைகளைத் தாம்பரம் அனுப்பிவைத்தால், 'இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?' என்ற கேள்விக்கு அவர்களே பதில் சொல்லிக்கொள்வார்கள்.